ஜே எஞ்சின் வந்த பிறகும் அதைப் புல்லட் என்று சொல்லலாமா?

திருவொற்றியூரான் | ஞாயிறு, காலை 7:40

அப்பாவின் 1986 புல்லட் 350 வீட்டில் நிற்கிறது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இத்தனை வருஷம் ஓடி இப்போது போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்துவிட்டது. கிக்கரை மிதித்தால் கம்ப்ரஷன் பிடிக்கவில்லை, சைலன்சரில் நீலப் புகை. முழு எஞ்சின் வேலை பார்த்தாக வேண்டும். மாமா என்ன சொல்கிறார் என்றால், அந்தக் காசை முன்பணமாகக் கட்டிப் புது புல்லட் எடுத்துவிடலாம் என்கிறார்.

நேற்று ஷோரூம் போய் ஓட்டிப் பார்த்தேன். நல்ல வண்டி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது புல்லட் இல்லை என்பதுதான் என் கட்சி.

நம்மூரில் வார்ப்பிரும்பு எஞ்சின் வந்தது, பிறகு ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த அலுமினிய எஞ்சின் வந்தது, அப்புறம் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் யூசிஇ வந்தது. இந்த மூன்றிலும் 350-க்கு போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மில்லிமீட்டர்தான். மூன்றிலும் கீழே இருக்கும் கேம் தள்ள, வால்வைத் திறப்பது புஷ்ராட் என்ற நீளக் கம்பிதான். தாத்தா, அப்பா, மகன் என்று ஒரு முகச்சாயல் இருந்தது. 2020-ல் மீட்டியாரில் வந்து 2023-ல் புல்லட்டுக்கும் ஏறிய ஜே எஞ்சின் 72-க்கு 85.8. புஷ்ராட் போய் கேம் மேலே ஏறிவிட்டது. அதிர்வை அடக்க பேலன்சர் ஷாஃப்ட் வந்துவிட்டது. கிக்கரே கிடையாது. இதே எஞ்சின்தான் மீட்டியார், கிளாசிக், ஹன்டர் மூன்றிலும் இருக்கிறது. அப்படியானால் டேங்கில் எழுதியிருக்கும் பெயரைத் தவிர எது புல்லட்? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள், நான் இன்னும் முடிவெடுக்கவில்லை.

வார்ப்பிரும்பு | காலை 8:05

அருமையாகச் சொன்னீர்கள். என் வாக்கு உங்களுக்கே. 70-க்கு 90 போனது பெரிய இழப்பு. இன்று அந்த அளவை ஏறக்குறைய அப்படியே வைத்திருப்பது யார் தெரியுமா? ஹோண்டா. அவர்களுடைய ஹைனஸ் 350-ன் போர் 70, ஸ்ட்ரோக் 90.5. ஜப்பான்காரன் நம் புல்லட்டைப் படித்து அதன் நீள ஸ்ட்ரோக்கை எடுத்துக்கொண்டான். நாம் அதைக் கைவிட்டோம். எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

ஒற்றை சிலிண்டர் வண்டி என்றால் ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்க வேண்டும். கனமான பிளைவீல் மெதுவாகச் சுற்ற, நாலாவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ‘டுபு டுபு’ இருக்கிறதே, அதற்காகத்தான் இந்த வண்டியை வாங்கினோம். புதிதில் அது தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது.

சேசிஸ் பிரியன் | காலை 9:30

இரண்டு பேருக்கும் சேர்த்து பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புல்லட் என்ற பெயர் 1932-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்தது. அன்று அது 250, 350, 500 என மூன்று அளவில் வந்தது. பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் என்ற ஒன்றே கிடையாது. நீங்கள் புல்லட் என்று கண்ணை மூடிக்கொண்டு நினைக்கிற வடிவம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது.

1948-ல் நடந்ததைப் பாருங்கள். ராயல் என்ஃபீல்டு ஒரு புது 350-ஐச் சேற்றிலும் பாறையிலும் ஓட்டும் டிரையல் போட்டிக்கு இறக்கியது. அதில் பின்பக்கம் சக்கரத்தை மேலும் கீழும் அசையவிடும் ஸ்விங் ஆர்ம், இரண்டு ஷாக் அப்சார்பர். அந்தக் காலத்துப் போட்டிக்காரர்கள் பலருக்கும் ஒரு திடமான நம்பிக்கை இருந்தது: பின்சக்கரம் சட்டத்தோடு (சேசிஸ்) இறுகி நின்றால்தான் சேற்றில் பிடிமானம் கிடைக்கும், ஸ்பிரிங் வைத்தால் வண்டி வழுக்கும் என்று. அந்த நம்பிக்கையை உடைத்த வண்டிதான் புல்லட். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டிய பிரிட்டிஷ் வீரர்கள் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். 1952-ல் ஜானி பிரிட்டன் 350 புல்லட்டில் ஸ்காட்டிஷ் ஆறு நாள் போட்டியை ஜெயித்தார். அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

ஆக, புல்லட் பிறந்தபோது அது ஊரிலேயே புதுமையான வண்டி. 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லை ரோந்துக்கு அதைத் தேர்ந்தெடுத்ததும் பழைமைக்காக அல்ல. அன்று கிடைத்த வண்டிகளில் கரடுமுரடான பாதைக்கு அது பொருத்தமாக இருந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. அதற்குப் பிறகு நாம் அதை அப்படியே உறைய வைத்துவிட்டோம். போட்டிக்கு வெளிநாட்டு வண்டி வராத சந்தை, வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய ஜனங்கள். மாற்ற வேண்டிய கட்டாயமே வரவில்லை. அந்த உறைந்த வடிவத்தை ‘மரபு’ என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த வண்டியின் உண்மையான மரபு 1948-ல் ரெட்டிச்சில் செய்ததுதான். ஜே எஞ்சினும் அதைச் சுமக்கும் புதுச் சட்டமும் அந்த வழியில் வந்தவைதான். அந்தச் சட்டத்தை வடிவமைத்தது ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ். பந்தய வண்டிகளுக்குச் சட்டம் செய்து பேர் வாங்கியவர்கள். 2015-ல் அந்த நிறுவனத்தையே ராயல் என்ஃபீல்டு வாங்கிவிட்டது.

பழைய சட்டத்தில் முன்பக்கம் ஒற்றைக் குழாய் இறங்கி எஞ்சினோடு முடியும், எஞ்சினே சட்டத்தின் ஒரு பகுதி. வளைவில் பின்பக்கம் தனியாக யோசிப்பது போல ஓர் உணர்வு வரும். புதிதில் இரண்டு குழாய்கள் இறங்கி எஞ்சினைப் பிடிக்கின்றன. ஒரே ஒரு மலைப்பாதையில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், நான் சொல்வது இடுப்புக்குப் புரியும்.

வார்ப்பிரும்பு | காலை 9:52

வரலாறு எல்லாம் சரி. சத்தத்துக்கும் துடிப்புக்கும் பதில் சொல்லவில்லையே? ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடிவிட்டது. 1977-ல் நாம் மெட்ராஸிலிருந்து புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தோம். அவர்கள் ஏன் வாங்கினார்கள்? அவர்கள் ஊரில் செத்துப்போன ஒரு வண்டி இங்கே உயிரோடு இருந்தது என்பதால். நீங்கள் ‘உறைந்துவிட்டது’ என்று குறையாகச் சொல்வதைத்தான் உலகம் காசு கொடுத்து வாங்கியது.

சேசிஸ் பிரியன் | காலை 10:20

ஏற்றுமதி விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

துடிப்புக்கு வருகிறேன். ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் மேலே போய்க் கீழே வரும்போது மொத்த வண்டியையும் மேலும் கீழும் உலுக்கும். அதை அடக்க, பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கின் எதிர்ப்பக்கம் எடை வைக்கிறார்கள். அந்த எடையைப் பிஸ்டனுக்குச் சமமாக வைத்தால் மேல்-கீழ் ஆட்டம் போகும், ஆனால் அதே அளவு ஆட்டம் முன்-பின்னாக வந்துவிடும். அதனால் ஏறக்குறைய பாதி அளவுக்கு வைத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். மீதிப் பாதிதான் உங்கள் உள்ளங்கையிலும் கால் மிதியிலும் வருகிறது. பேலன்சர் ஷாஃப்ட் என்பது கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுற்றும் இன்னொரு எடை. மிச்சமிருந்த ஆட்டத்தில் பெரும்பகுதியை அது தின்றுவிடும்.

வெடிப்பு அப்படியேதான் இருக்கிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, ஒரு பிஸ்டன். போனது நட்டு போல்ட்டைத் தளர்த்துகிற ஆட்டம் மட்டும். இழுவையையும் பாருங்கள்: யூசிஇ 350-ல் 4,000 சுற்றில் 28 நியூட்டன் மீட்டர், ஜே-யில் அதே 4,000 சுற்றில் 27. கீழ்ச் சுற்றில் இழுக்கும் குணத்தை அவர்கள் தொடவே இல்லை. வேண்டுமென்றுதான் அப்படி விட்டிருக்கிறார்கள். சக்திதான் வேண்டும் என்றால் 452 சிசி ஹிமாலயனில் திரவக் குளிரூட்டல் வைத்து 40 குதிரைத்திறன் எடுக்கத் தெரிந்தவர்கள், இதில் 20-ஓடு நிறுத்தியிருக்கிறார்களே, ஏன்?

நீலமலைப் பயணி | முற்பகல் 11:15

கிக்கர் பற்றி ஆண்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நானும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பெரியப்பாவிடம் பழைய 350 இருந்தது. பதினெட்டு வயதில் அவர் எனக்கு ஸ்டார்ட் செய்யச் சொல்லிக்கொடுத்தார். சாவியைப் போடு. கிக்கரை மெதுவாக அழுத்து, இறுகும் இடம் வரை. ஆம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கிறதா பார். இப்போது சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு ஒரு விரற்கடை கூட அழுத்து. லிவரை விடு, கிக்கரை மேலே வரவிடு. இப்போது உடம்பு எடை முழுவதையும் போட்டு மிதி. நான் முள்ளைப் பார்க்காமல் அவசரப்பட்டு மிதித்தேன். கிக்கர் திருப்பி அடித்ததில் முழங்காலுக்குக் கீழே முட்டைக் கணக்காக வீங்கி, பத்து நாள் நொண்டினேன். தப்பு என் மேல்தான், ஆனால் அதற்கப்புறம் வீட்டில் யாரும் என்னை அந்த வண்டியைத் தொடவிடவில்லை.

இப்போது என்னிடம் ஜே எஞ்சின் புல்லட் இருக்கிறது. செல்ஃப் பட்டனை அமுக்குகிறேன், கிளம்புகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவது கியரிலேயே முனகாமல் ஏறுகிறது. 195 கிலோ என்று எழுதியிருக்கிறார்கள், தள்ளும்போது கனம்தான், உருளும்போது தெரிவதில்லை. கிக்கர் இருந்தால்தான் புல்லட் என்றால், என்னைப் போன்றவர்களுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த ஒரு பூட்டைத்தான் நீங்கள் கொண்டாடுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

வார்ப்பிரும்பு | முற்பகல் 11:31

அம்மா, உங்களைப் புண்படுத்துவது என் நோக்கம் அல்ல. யூசிஇ-யில் செல்ஃபும் இருந்தது, கிக்கரும் இருந்தது. இரண்டையும் வைத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். நடுவழியில் பேட்டரி படுத்துவிட்டால்?

கணக்குப் பிள்ளை | பகல் 12:10

ஒரு சின்ன விஷயம். ஜே எஞ்சினின் 349 சிசி என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது 28 சதவீதம், 350-ஐத் தாண்டினால் மேலே 3 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 வரைக்கும் 18, தாண்டினால் 40. போரை 72 ஆக்கி, ஸ்ட்ரோக்கைக் குறைத்து, 350-க்குள் நிற்கிறார்கள். பெயரை விடுங்கள், எஞ்சினின் எல்லையை வரி ஒரு பக்கம் பிடித்திருக்கிறது, புகைச் சட்டம் இன்னொரு பக்கம் பிடித்திருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததோடு 500 சிசி ஒற்றை சிலிண்டரே இங்கே நின்றுபோனது நினைவிருக்கும்.

வைகைக்கரை மெக்கானிக் | பிற்பகல் 3:45

கடையில் கூட்டம், இப்போதுதான் படித்தேன். முப்பது வருஷமாக இந்த வண்டியோடு கிடக்கிறவன், நாலு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் வார்ப்பிரும்பு தம்பிக்கு. பழைய எஞ்சினை ரொம்பத் தூக்கிப் பிடிக்காதீர்கள். பேரல் வார்ப்பிரும்பு, உள்ளே பிஸ்டன் அலுமினியம். சூடு ஏறினால் இரண்டும் ஒரே மாதிரி விரியாது. புது போர் போட்ட வண்டியை நெடுஞ்சாலையில் முறுக்கிப் பிடித்துப் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அது 18 குதிரைக்குச் செய்த எஞ்சின், 60-ல் போனால் ராஜா, 90-ல் போனால் நோயாளி. இன்றைக்கு மதுரையிலிருந்து திருச்சி போகிற ரோட்டில் 60-ல் போனால் பின்னால் வருகிற பஸ் நம்மை விழுங்கிவிடும். ரோடு மாறிவிட்டது, எஞ்சினும் மாறித்தான் ஆக வேண்டும். ஜே எஞ்சினைத் திறந்து பார்த்திருக்கிறேன். நல்ல வேலை. எண்ணெய்ப் பசை வெளியே தெரிவதில்லை.

எண்ணெய்க் கசிவு என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பழைய புல்லட்டில் எஞ்சின் தனி, கியர் பாக்ஸ் தனி, நடுவில் பிரைமரி செயின் ஓடும் பெட்டி தனி. அந்தப் பெட்டியின் வெளி மூடியை மொத்தமாகப் பிடித்திருப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டு. ஓரத்தில் ரப்பர் சீல். கசிகிறது என்று வண்டி வரும். போன இடத்தில் எல்லாம் அந்த நட்டை இன்னும் இறுக்கி அனுப்பியிருப்பார்கள். இறுக்க இறுக்க மூடி நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். நான் கழற்றி, கண்ணாடி மேல் எமரித் தாள் விரித்து ஓரத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, புது சீல் போட்டு, அளவாக முறுக்கிவிடுவேன். நின்றுவிடும். பழைய வண்டிக்குக் கை பழக வேண்டும். கை பழகாதவன் தொட்டால் வண்டிக்குக் கெட்ட பேர்.

இதைச் சொன்னதால் நான் புது வண்டிக் கட்சி என்று சேசிஸ் தம்பி சந்தோஷப்பட வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குப் பழைய வண்டி ஒன்று நடுரோட்டில் நின்றுபோனது. தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட் நகர்ந்திருந்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைக் கிழித்துப் பாயிண்ட் நடுவில் சொருகி, கிராங்கை மெல்ல நகர்த்தி, தாள் எந்த இடத்தில் நழுவுகிறதோ அங்கே டைமிங்கை வைத்து வண்டியைக் கிளப்பினேன். கையில் இருந்தது ஒரு ஸ்பேனரும் டார்ச்சும். புது வண்டியில் இன்ஜெக்டர், சென்சார், இசியூ என்ற மின்னணு மூளை. கம்ப்யூட்டரைச் சொருகினால் அதுவே கோளாறைச் சொல்லும், நல்லதுதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கும், ரோட்டோரத்தில் இருக்காது. என்னைக் கேட்டால் புல்லட்டில் மாறிய பெரிய விஷயம் ஸ்ட்ரோக்கும் இல்லை, கிக்கரும் இல்லை. வண்டிக்காரனும் பக்கத்து ஊர் மெக்கானிக்கும் அதை முழுசாகத் திறந்து மூட முடிந்தது. அது போய்விட்டது.

சேசிஸ் பிரியன் | மாலை 4:20

அண்ணே, நீங்கள் சொன்ன கடைசி விஷயத்தை எதிர்த்துப் பேச என்னால் முடியவில்லை. ஆனால் அது ஜே எஞ்சினோடு வந்த மாற்றம் இல்லையே? இன்ஜெக்ஷன் பிஎஸ்6-ஓடு யூசிஇ-க்கே வந்துவிட்டது. இன்று எந்தக் கம்பெனி வண்டியை எடுத்தாலும் இதே கதைதான்.

வைகைக்கரை மெக்கானிக் | மாலை 4:41

உண்மைதான் தம்பி. எல்லாருக்கும் போனது என்பதால் இழப்பு இல்லாமல் போகாது. மற்ற வண்டியை நாலு வருஷத்தில் விற்றுவிடுவார்கள். புல்லட்டை மகனுக்கு விட்டுப் போவார்கள். திருவொற்றியூர்த் தம்பி வண்டியே அதற்குச் சாட்சி. 2023-ல் வாங்கிய புல்லட்டுக்கு 2060-ல் இசியூ எங்கே கிடைக்கும்? பிஸ்டன் கடைந்துவிடலாம், புஷ் கடைந்துவிடலாம். அதைக் கடைய முடியாது. கம்பெனிக்கு ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்: கிக்கரைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், கோளாறு படிக்கும் கருவியையும் பாகங்களையும் எங்களைப் போன்ற கடைகளுக்கும் கொடுங்கள்.

நீலமலைப் பயணி | மாலை 5:02

இதில் நான் முழுக்க அண்ணன் பக்கம். என் வண்டியை என் மகளும் ஓட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசையும்.

திருவொற்றியூரான் | இரவு 8:55

எல்லோருக்கும் நன்றி. 1948 கதை எனக்குத் தெரியாது. ஸ்விங் ஆர்மையே ‘இது சரிவராது’ என்று சொன்ன காலத்தில் வந்த வண்டி இது என்று தெரிந்த பிறகு, ‘ஜே புல்லட் இல்லை’ என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். பயணி அக்கா வண்டியும் புல்லட்தான்.

ஆனால் அப்பா வண்டியை விற்கப் போவதில்லை. மெக்கானிக் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு மாலையில் ஒரு பழைய கை வந்து ஹெட்டைக் கழற்றிவிட்டார். பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டிப் பார்த்தால் 0.50 என்று பொறித்திருக்கிறது, அதாவது முதல் அளவைவிட அரை மில்லிமீட்டர் பெரிது. ஆக ஏற்கெனவே ஒரு முறை போர் போட்டிருக்கிறார்கள். அப்பா இதை யாரிடமும் சொன்னதே இல்லை. அண்ணே, அடுத்து 0.75 போதுமா, இல்லை நேராக 1.00 போக வேண்டுமா?

வைகைக்கரை மெக்கானிக் | இரவு 9:10

பேரலை அளக்காமல் சொல்ல மாட்டேன் தம்பி. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து எண்ணைப் போடுங்கள். முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ப போர் போடச் சொல்லுங்கள், போரைப் போட்டுவிட்டுப் பிஸ்டனைத் தேடாதீர்கள். முதல் 500 கிலோமீட்டர் 50-ஐத் தாண்ட வேண்டாம்.

வார்ப்பிரும்பு | இரவு 9:12

ஸ்டார்ட் செய்யும் அன்று சத்தத்தைப் பதிவு செய்து இங்கே போடுங்கள். காத்திருக்கிறேன்.